பாஸ்கா: பாடும் உயிர்ப்பும் கூடிய பெயர்

திருச்சி, புதுக்கோட்டை வட்டாரத்துக் கத்தோலிக்கச் சிற்றூர்களில் ‘பாஸ்கா’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. இயேசுவின் பாடுகளை மேடையேற்றும் இரவு நாடகம் பாஸ்கா. பெரிய சனி இரவில் கோயிலில் நடக்கும் உயிர்ப்புத் திருவிழிப்பும் பாஸ்கா. ‘பாஸ்கா பார்க்கப் போகிறோம்’ என்றால் நாடகம். ‘பாஸ்காப் பூசைக்குப் போகிறோம்’ என்றால் திருப்பலி. ஒன்று சாவைக் கண்முன் நிறுத்துகிறது. மற்றது சாவு தோற்றதைக் கொண்டாடுகிறது. எதிரெதிர் முனையில் நிற்கும் இரண்டையும் ஒரே பெயரால் எப்படி அழைக்கிறார்கள்?

பாமர மக்களின் குழப்பம் என்று இதை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் இந்தச் சொல் எகிப்திலிருந்து தமிழ்நாட்டுப் பங்குகள்வரை வந்த வழியைப் பார்த்தால், அந்த இரட்டைப் பொருள் அதன் வேரிலேயே இருந்தது தெரியவரும். அறிஞர்கள் அதைப் பலமுறை பிரித்து வைத்தார்கள். வழிபடும் மக்கள் பலமுறை ஒன்றுசேர்த்தார்கள். சேர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது என்பது என் துணிபு.

இரத்தம் பூசிய நிலைக்கதவு

எபிரேயத்தில் இதன் மூலவடிவம் ‘பெசாக்’. விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரம் இந்த விழாவை விதிக்கிறது. முதல் மாதத்தின் 10-ஆம் நாள் ஓர் ஆட்டுக்குட்டியைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 14-ஆம் நாள்வரை வைத்திருந்து மாலை மங்கும் நேரத்தில் அடிக்க வேண்டும். அதன் இரத்தத்தை வீட்டு நிலைக்கால்களிலும் மேல்சட்டத்திலும் பூச வேண்டும். இறைச்சியை நெருப்பில் வாட்டி, புளியாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் உண்ண வேண்டும். இடையில் கச்சை, காலில் செருப்பு, கையில் கோல். பயணத்துக்குக் கிளம்பியவர்களாக விரைந்து உண்ண வேண்டும். எகிப்தின் தலைப்பிள்ளைகளை வீழ்த்த வருபவர் இரத்தம் கண்ட வீட்டைக் கடந்து போய்விடுவார்.

இந்தக் ‘கடந்து போதல்’தான் பெசாக் என்பதற்குப் பெரும்பாலோர் கொள்ளும் பொருள். எசாயா 31-ஆம் அதிகாரத்தில் இதே வினைச்சொல், வட்டமிடும் பறவைகளைப் போல ஆண்டவர் எருசலேமைக் காப்பதைச் சொல்லும் இடத்தில் வருகிறது. அதனால் ‘காத்து நிற்றல்’ என்ற சாயலும் அதற்கு உண்டு. எப்படிக் கொண்டாலும், முதல் பெசாக் இரவில் இரத்தமும் இருக்கிறது, விடுதலையும் இருக்கிறது. கசப்புக் கீரை அடிமைக்காலத்தின் நினைவு. காலில் மாட்டிய செருப்பு அது முடியப்போகிறது என்பதன் அடையாளம். துன்பத்தை நாவில் வைத்துக்கொண்டே விடுதலைக்கு எழுந்து நின்ற இரவு அது.

அதே அதிகாரத்தின் 4-ஆம் வசனத்தைப் பலர் படித்துவிட்டுக் கடந்துவிடுகிறார்கள். ஓர் ஆட்டுக்குட்டியை உண்டு தீர்க்க முடியாத சிறிய குடும்பம், அடுத்த வீட்டாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆளுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிட்டுப் பகிர வேண்டும் என்கிறது அது. பக்கத்து வீட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்வது இந்த விழாவின் முதல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பங்குச் சமூகம் என்று இன்று நாம் சொல்வதன் வித்து இந்த வசனத்தில் கிடக்கிறது.

கிரேக்கர் காதில் கேட்டது

இயேசுவின் காலத்தில் யூதர்கள் பேசிய அரமேயத்தில் பெசாக் ‘பஸ்ஹா’ ஆனது. அந்த வடிவமே கிரேக்கத்தில் ‘பஸ்கா’ என்று நுழைந்தது. கிறிஸ்தவர்களுக்கு இந்தப் பெயர் யாரைக் குறிக்கிறது என்பதைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். நம் பாஸ்கா ஆட்டுக்குட்டியாகிய கிறிஸ்து பலியாகிவிட்டார் என்பது அவர் கருத்து. விழாவின் பெயர் ஓர் ஆளின் பெயராக ஆகிவிட்டது.

கிரேக்கம் பேசியவர்களின் காதில் இன்னொன்றும் கேட்டது. கிரேக்கத்தில் ‘பஸ்கேய்ன்’ என்றால் துன்புறுதல். பஸ்கா என்ற அயற்சொல்லைக் கேட்டதும் தங்கள் மொழியின் இந்த வினைச்சொல் அவர்களுக்கு நினைவுக்கு வந்தது. 2-ஆம் நூற்றாண்டில் இன்றைய துருக்கியிலுள்ள சர்தை நகரின் ஆயராக இருந்த மெலித்தோ, பாஸ்காவைப் பற்றிய தம் மறையுரையில் இந்த உறவைத் துணிந்து கூறினார்: ஆண்டவர் பாடுபட்டதால் அது பாஸ்கா.

சொல்லாராய்ச்சிப்படி இது பொருந்தாது. எபிரேயச் சொல்லுக்குக் கிரேக்க வேர் காட்ட முடியாது. இதை அறிந்து எழுதியவர் புனித அகுஸ்தினார். யோவான் நற்செய்திக்கு அவர் அளித்த விளக்கவுரையில், பாஸ்கா கிரேக்கச் சொல் அன்று, எபிரேயச் சொல்; அதன் பொருள் ‘பாடு’ அன்று, ‘கடத்தல்’ என்று தெளிவுபடுத்தினார். இயேசு இவ்வுலகை விட்டுத் தந்தையிடம் கடந்து செல்லும் நேரம் வந்ததை அறிந்தார் என்று யோவான் 13-ஆம் அதிகாரத்தைத் தொடங்குவதோடு அதை இணைத்தும் காட்டினார்.

அகுஸ்தினார் சொல்லின் வேரைச் சரியாகச் சொன்னார். மெலித்தோ சொல்லின் வாழ்வைச் சரியாகச் சொன்னார். கல்வாரியைக் கடக்காமல் தந்தையிடம் கடந்து செல்ல வழி இருக்கவில்லை என்பதே இருவரும் சேர்ந்து நமக்குத் தரும் பொருள்.

மூன்று வழிகள்

பாஸ்கா தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே வழியாக வரவில்லை.

முதல் வழி சிரியாக் மொழி. கேரளத்துத் தோமா கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டு மொழி அது. அதிலிருந்து மலையாளத்தில் நிலைத்த வடிவம் ‘பெசஹா’. அங்கே பெசஹா என்பது பெரிய வியாழனின் பெயர். அன்று மாலை வீடுகளில் புளிக்காத பெசஹா அப்பமும் பாலும் செய்வார்கள். குடும்பத் தலைவர் வேண்டுதல் செய்து அப்பத்தைப் பிட்டு, வயதுப்படி எல்லாருக்கும் கொடுப்பார். அந்த ஆண்டு இறப்பு நேர்ந்த வீட்டில் அப்பம் சுடும் வழக்கம் இல்லை. அண்டை வீட்டார் கொண்டுவந்து கொடுப்பார்கள். விடுதலைப் பயண நூலின் 12-ஆம் அதிகாரத்து 4-ஆம் வசனம் மலையாளத்து அடுப்படிகளில் இன்னமும் கடைப்பிடிக்கப்படுகிறது.

இரண்டாவது வழி போர்த்துக்கீசியம். அந்த மொழியின் வடிவம் ‘பாஸ்குவா’. சிங்களத்தில் உயிர்ப்பு விழாவுக்கு வழங்கும் ‘பாஸ்கு’ அதன் வழி வந்தது. நீர்கொழும்பை அடுத்த துவ என்னும் மீனவர் ஊரில் நடக்கும் திருப்பாடுகளின் நாடகமும் பாஸ்கு என்றே பெயர் பெற்றது. விழாவின் பெயர் நாடகத்துக்கும் ஏறியது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததன்று என்பதற்கு இது சான்று.

மூன்றாவது வழி திருச்சபையின் இலத்தீன். தமிழ்க் கத்தோலிக்கர் நாவிலுள்ள ‘பாஸ்கா’, போர்த்துக்கீசிய ஒலியைவிட இலத்தீன் பூசையில் ஒலித்த வடிவத்துக்கே நெருக்கமானது. 1960-களில் தமிழ் பீடத்துக்கு வரும்வரை குருக்கள் இலத்தீனில் சொல்லிவந்த அதே ஒலி அப்படியே தமிழாகிவிட்டது. கிரேக்க மூலத்திலிருந்து பெயர்த்த சீர்திருத்தச் சபையார் ‘பஸ்கா’ என்று குறிலில் எழுதினார்கள். 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் ‘பாஸ்கா’ என்று நெடிலில் அச்சிட்டது.

ஈஸ்டர் என்ற பெயர் இந்த மூன்று வழிகளுக்கும் புறம்பானது. 725-இல் எழுதிய நூலில் ஆங்கிலத் துறவி பீட், உயிர்ப்பு விழா வரும் மாதத்தின் பழைய பெயர் எயோஸ்தர் என்ற பெண்தெய்வத்தின் பெயரிலிருந்து வந்தது என்கிறார். ஆங்கிலமும் செருமானியமும் இந்தப் பெயரைக் கொண்டன. பிரெஞ்சு, இத்தாலியம், எசுப்பானியம் எல்லாம் பாஸ்காவின் திரிபுகளையே வைத்திருக்கின்றன. பள்ளிக்கூட ஆங்கிலமும் வாழ்த்து அட்டைகளும் ஈஸ்டரை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தன. தவறில்லை. ஆனால் பாஸ்கா என்ற பெயருக்குள் இருக்கும் வரலாறு ஈஸ்டருக்குள் இல்லை.

விழாவின் நாளும் பெயரோடு சேர்ந்து வந்ததுதான். 325-இல் நிசேயாச் சங்கம் எல்லாத் திருச்சபைகளும் ஒரே ஞாயிறில் கொண்டாட வழிசெய்தது. மார்ச் 21-க்கோ அதற்குப் பிறகோ வரும் முழுநிலவை அடுத்த ஞாயிறு என்று கணக்கு நிலைபெற்றது. அதனால் மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை அது அலையும். பங்குனி நிலவிலோ சித்திரை நிலவிலோதான் பெரிய வாரம் வரும். புதுக்கோட்டைப் பக்கம் வயலும் வானமும் காய்ந்து கிடக்கும் மாதங்கள் இவை. அறுவடை முடிந்த நிலமும் ஓய்ந்த கைகளும் நாடகத்துக்கு இடமும் நேரமும் தந்தன.

மேடை ஏறிய பாஸ்கா

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவூரில் 1747-இல் கட்டிய பெரியநாயகி மாதா கோயில் இருக்கிறது. வீரமாமுனிவர் பணியாற்றிய பங்கு. அங்கே உயிர்ப்புப் பெருவிழாவை ஒட்டித் திருப்பாடுகளின் நாடகம் நடக்கும். அதைத் தொடர்ந்து தேர் இழுப்பார்கள். சிலுவையையும் தேரையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் இந்த ஒழுங்கே பாஸ்கா என்ற சொல்லுக்கு எழுதாத உரை. பாட்டையும் வசனத்தையும் கேட்டு அழுத கண்களோடு மக்கள் வடத்தைப் பிடிக்கிறார்கள்.

மேடைப் பாஸ்கா உள்ள ஊர்களில் தவக்காலம் தொடங்கியதுமே ஒத்திகையும் தொடங்கிவிடும். இயேசுவாக நடிப்பவர் நோன்பிருந்து பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு மேடையேறுவதை மக்கள் எதிர்பார்ப்பார்கள். வேடம் கட்டாதவர்கள் பந்தல் போடுவார்கள், விளக்குப் பிடிப்பார்கள், வெளியூரிலிருந்து வரும் உறவினர்களுக்குச் சோறு சமைப்பார்கள். யூதாசாகவோ பிலாத்துவாகவோ நிற்பவருக்கும் அது இறைப்பணிதான்.

ஈழத்தில் இதன் சுருங்கிய வடிவம் ‘பாஸ்’. மன்னார்த் தீவின் பேசாலையில் மனிதருக்குப் பதிலாக உருவங்களை அசைத்து நடத்தும் ‘உடக்குப் பாஸ்’ புகழ்பெற்றது. யாழ்ப்பாணத்தில் 1965-இல் மரியசேவியர் அடிகள் நிறுவிய திருமறைக் கலாமன்றம் திருப்பாடுகளின் காட்சிகளைப் பெருமேடைக்குக் கொண்டுசென்றது. அதற்கு 200 ஆண்டுகளுக்கு முன்பே கோவாவிலிருந்து வந்து இலங்கையில் உழைத்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள், தமிழில் வியாகுலப் பிரசங்கத்தை எழுதி, பெரிய வாரத்தின் துயரத்துக்கு ஒரு மொழிநடையே தந்திருந்தார்.

சிங்களக் கத்தோலிக்கர் பெரிய வாரத்தில் பாடும் இரங்கற்பாட்டுக்குப் ‘பசன்’ என்று பெயர். அதன் வேர் பாடு என்னும் பொருள்கொண்ட போர்த்துக்கீசியச் சொல். பாஸ்கா கடத்தலைக் குறித்தது. பசன் பாடுகளைக் குறித்தது. இரண்டும் வேறு வேறு வேர்ச்சொற்கள். ஆனால் ஒரே வாரத்தில், ஒரே முற்றத்தில், ஒரே மக்கள் வாயில் அவை அடுத்தடுத்து ஒலித்தன. சர்தையில் கிரேக்கர் காதுக்கு நேர்ந்ததே நம் கடற்கரைகளிலும் நேர்ந்தது.

உயிர்த்த ஞாயிறு

அயற்சொல்லைக் காத்த தமிழர், தம் சொல்லையும் அருகில் வைத்தார்கள். பழந்தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு. நெட்டுயிர்ப்பு என்பது நெடிய பெருமூச்சு. உயிர்த்தல் மூச்சுவிடுவதையும் குறிக்கும், ஈன்றெடுப்பதையும் குறிக்கும். உயிர்த்தெழுந்த இயேசு அஞ்சிப் பூட்டிக்கொண்டிருந்த சீடர்கள்மேல் ஊதித் தூய ஆவியைக் கொடுத்ததாக யோவான் 20-ஆம் அதிகாரம் சொல்கிறது. அவருடைய உயிர்ப்பு அவர்களுக்கு உயிர்ப்பாக, மூச்சாக வந்தது. தமிழில் இதைச் சொல்ல இரண்டு சொல் வேண்டியதில்லை.

‘உயிர்த்த ஞாயிறு’ என்பது இலக்கணப்படி காலப்பெயர் கொண்ட பெயரெச்சம்: ஆண்டவர் உயிர்த்த நாள். ஞாயிறு கதிரவனின் பெயரும் ஆதலால், இருண்டுபோன கதிரவன் மீண்டும் உயிர்பெற்றான் என்ற ஒலியும் அதற்குள் இருக்கிறது. பெரிய வெள்ளியன்று நண்பகல் முதல் மூன்று மணிவரை இருள் சூழ்ந்ததை நற்செய்தியில் கேட்டவர்களுக்கு இந்தப் பெயர் தானாகப் பொருள் தரும்.

சனி இரவு

பாஸ்கா என்ற பெயர் மிக அடர்த்தியாக ஒலிக்கும் இடம் பெரிய சனி இரவு: பாஸ்காத் திருவிழிப்பு, பாஸ்காத் திரி, பாஸ்காப் புகழுரை. நூற்றாண்டுக் கணக்கில் இந்தத் திருவிழிப்பு சனிக்கிழமைக் காலையிலேயே நடந்துவந்தது. பகல் வெளிச்சத்தில் ஒரு சிலரோடு முடிந்துவிடும். 1951-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் அதை இரவுக்கு மீட்டுத் தர வழிதிறந்தார். 1955-இல் பெரிய வாரம் முழுவதையும் சீரமைத்தார். பாஸ்கா இரவு மக்கள் கைக்கு மீண்டும் வந்தது.

கோயில் விளக்குகளை அணைத்துவிட்டு எல்லாரும் வெளியே முற்றத்தில் கூடுகிறார்கள். விறகு மூட்டி நெருப்பை மந்திரிக்கிறார் பங்குச் சாமியார். ஆளுயரத் திரியில் சிலுவையைக் கீறி, மேலே அகரத்தையும் கீழே னகரத்தையும் வரைந்து, அந்த ஆண்டின் நான்கு எண்களையும் நான்கு மூலைகளில் பொறிக்கிறார். ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைக் குத்துகிறார். காயங்களைச் சுமந்த திரிதான் உயிர்ப்பின் ஒளியாக இருட்டுக் கோயிலுக்குள் நுழைகிறது. அதிலிருந்து பீடச் சிறுவர்கள் தங்கள் திரியை ஏற்றுகிறார்கள். அவர்களிடமிருந்து முன்வரிசை, முன்வரிசையிடமிருந்து பின்வரிசை. மெழுகு விரலில் சொட்டாமல் இருக்க அட்டையில் துளைபோட்டுச் செருகியிருப்பார்கள். பக்கத்துப் பாட்டியின் திரி காற்றில் அணைந்தால் பேரன் வயதுப் பையன் தன் திரியைச் சாய்த்துக் கொடுப்பான்.

பழைய ஏற்பாட்டிலிருந்து ஏழு வாசகங்கள். நேரத்தைக் கருதிச் சிலவற்றை விடலாம். ஆனால் செங்கடலைக் கடக்கும் வாசகத்தை விடவே கூடாது என்பது விதி. பாஸ்காவின் வேர்ப்பொருளாகிய கடத்தலை அந்த விதி காவல் காக்கிறது. பின் ‘உன்னதங்களிலே’ பாடல் தொடங்கியதும், பெரிய வியாழன் முதல் ஊமையாக இருந்த மணிகள் ஒலிக்கின்றன, திரை விலகி உயிர்த்த ஆண்டவர் சுரூபம் தெரிகிறது. தண்ணீர் மந்திரிக்கிறார்கள், திருமுழுக்குப் பெறுவோர் பெறுகிறார்கள், மற்றவர்கள் தங்கள் திருமுழுக்கு வாக்கைப் புதுப்பிக்கிறார்கள்.

பங்கு

இத்தனையையும் செய்யும் கூட்டத்தின் பெயர் பங்கு. அதற்கு ஈடான கிரேக்கச் சொல் ‘பரோய்கியா’: சொந்த ஊரல்லாத இடத்தில் வந்து தங்கியிருத்தல், வழிப்போக்கராகக் குடியிருத்தல். ஸ்மிர்னாத் திருச்சபை தன் ஆயர் போலிக்கார்ப்பின் மறைசாட்சியத்தைப் பற்றி எழுதிய மடலில், தன்னை அந்நகரில் தங்கியிருக்கும் திருச்சபை என்றே சொல்லிக்கொண்டது. இலத்தீனில் அது ‘பரோக்கியா’ ஆகி, பின்னர் எல்லைக்கோடுள்ள நிர்வாகப் பகுதியைக் குறிக்கலாயிற்று.

தமிழ் வேறு வேரை எடுத்தது. பகு, பகிர், பங்கு, பங்காளி எல்லாம் ஒரே குடும்பம். தமிழ்க் கத்தோலிக்கர் தங்கள் சமூகத்தைப் பகிர்வின் பெயரால் அழைக்கிறார்கள். தலைக்கட்டு வரி கொடுப்பதும், தேர்வடத்தில் கை வைப்பதும், வின்சென்ட் தே பால் சபையார் பிடியரிசி கேட்டு வரும்போது பானையைத் திறப்பதும், அன்பியக் கூட்டத்துக்குப் பாய் விரிப்பதும் இந்தப் பெயரின் செயல்வடிவம்.

திருச்சபைக் கட்டளைகளில் ஒன்று பாஸ்கா, பங்கு ஆகிய இரண்டு சொல்லையும் கோத்துவிட்டது. 1215-இல் நான்காம் இலாத்தரன் சங்கம், ஆண்டுக்கு ஒரு முறையாவது பாவசங்கீர்த்தனம் செய்து, பாஸ்காக் காலத்திலாவது நற்கருணை வாங்க வேண்டும் என்று விதித்தது. இதைச் சின்னக் குறிப்பிடம் என்ற மறைக்கல்விச் சிறுநூலில் மனப்பாடம் செய்த தலைமுறைகளுக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும்கூட, பாஸ்கா தெரிந்த சொல்லானது. வேலைக்குப் பெங்களூருக்கும் வளைகுடாவுக்கும் போனவர்கள் பாஸ்காவுக்கு ஊர்திரும்ப முயல்வதில் அந்தக் கடமையுணர்வின் தொடர்ச்சி இருக்கிறது. வழிப்போக்கர் கூட்டம், கடந்து செல்லும் விழா: இரண்டு பழம்பெயர்களும் ஒரே மனநிலையைச் சொல்கின்றன.

பெயரின் சோதனை

2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா நாள். கொழும்புக் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலும், நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயிலிலும், மட்டக்களப்புச் சீயோன் ஆலயத்திலும் வழிபாட்டுக்கு வந்தவர்கள் குண்டுவெடிப்புகளில் கொல்லப்பட்டார்கள். சிங்களவர் அந்த நாளைப் பாஸ்குத் தாக்குதல் என்கிறார்கள். தமிழர் உயிர்த்த ஞாயிறு தாக்குதல் என்கிறார்கள். எந்தப் பெயரில் சொன்னாலும், விழாவின் பெயரோடு சாவு ஒட்டிக்கொண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களும் அடுத்தடுத்த ஆண்டுகளில் அதே கோயில்களுக்கு வந்து அதே விழாவைக் கொண்டாடுகிறார்கள், நீதியும் கேட்கிறார்கள். பாடுகளையும் உயிர்ப்பையும் ஒரு பெயரில் பிடித்துவைத்திருக்கும் நம்பிக்கை இல்லாவிட்டால் இது முடியாது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டில் இயேசுவின் பாடு, இறப்பு, உயிர்ப்பு, விண்ணேற்றம் அனைத்தையும் ‘பாஸ்கா மறைபொருள்’ என்ற ஒரே தொடரில் அடக்கியது. இறையியலார் நெடுங்காலம் தனித்தனியே விளக்கிவந்ததைச் சங்கம் ஒருசேரச் சொன்னது. ஆவூர் மேடையும் பேசாலை உடக்கும் அதைத் தம் வழியில் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தன.

ஆகவே மேடைப் பாஸ்காவை வேறு பெயரால் திருத்த வேண்டியதில்லை. மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரின் கதையைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்: அடிமைகள் இரவோடு இரவாகக் கிளம்பியதை, அடுத்த வீட்டை எண்ணிப் பார்க்கச் சொன்ன சட்டத்தை, மெலித்தோவின் காதையும் அகுஸ்தினாரின் திருத்தத்தையும், கடல்கடந்து வந்த ஒலி நம் ஊர்ப்பேச்சானதை. ஈஸ்டர் வாழ்த்தைத் தொலைபேசியில் அனுப்பும் கை, பாஸ்கா என்றும் எழுதட்டும். தன் துன்பத்தை மறைக்காமல் கோயிலுக்குக் கொண்டுவரவும், பக்கத்து வீட்டாரின் துன்பத்தில் பங்கெடுக்கவும், இரண்டையும் தாண்டி எழ முடியும் என்று நம்பவும் இந்த ஒரு சொல் நமக்கு உரிமை தருகிறது.